தாழை மரத்தடியில் அடங்கியவர்: மொலோக்காய் புனித தமியான்



துக்க வீட்டுக்குப் போகும்போது நம்மில் பலருக்கு ஒரு சங்கடம் உண்டு. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே என்ன சொல்வது என்று மனம் தேடத் தொடங்கிவிடுகிறது. எதுவும் கிடைக்காமல், எல்லாம் ஆண்டவர் சித்தம் என்றோ, அவருக்கு நல்ல சாவு கிடைத்தது என்றோ சொல்லிவிட்டு வருகிறோம். பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம்கூட அப்படிச் சொல்லியிருக்கிறோம். அவர் நம்மை நிமிர்ந்து பார்த்த பார்வை வீடு வரும்வரை நம்மோடு வந்திருக்கிறது.

யோபுவைப் பார்க்க வந்த மூன்று நண்பர்களை நாம் நினைத்துக்கொள்வதுண்டு. எலிப்பாசு, பில்தாது, சோப்பார் ஆகிய மூவரும் அவருடைய துயரத்தின் அளவைக் கண்டு, ஏழு பகலும் ஏழு இரவும் தரையில் அவரோடு அமர்ந்திருந்தார்கள். ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த ஏழு நாள்களுக்காக அவர்களைப் பாராட்டலாம். எட்டாம் நாளிலிருந்துதான் தொல்லை தொடங்கியது. அவர்கள் பேச ஆரம்பித்தார்கள். நூலின் முடிவில் ஆண்டவரின் கடிந்துரை அவர்கள் பேசிய பேச்சுக்காகவே வந்தது.

யூத மக்களிடையே இன்றுவரை துக்க வீட்டில் ஏழு நாள் அமரும் வழக்கம் இருக்கிறது. துக்கத்தில் இருப்பவர் வாய் திறக்கும்வரை வந்தவர் பேசக் கூடாது என்பது அவர்களது மரபு. நம் திருச்சபையிலும் இத்தகைய உடனிருப்புக்குப் பெயர்பெற்றவர்கள் பலர் உண்டு. அவர்களுள் ஒருவரை, ஒவ்வோர் ஆண்டும் மே 10ம் தேதி திருச்சபை நினைவுகூரும் மொலோக்காய் புனித தமியானை, இந்தக் கண்ணோட்டத்தில் பார்க்க விரும்புகிறோம். தொழுநோயாளருக்குப் பணிசெய்து, தானும் தொழுநோயாளராகி இறந்தவர் என்றுதான் மறைக்கல்வி வகுப்பில் படித்திருக்கிறோம். அது உண்மைதான். ஆனால் அவர் அங்கே 16 ஆண்டுகள் என்ன செய்தார் என்று பார்த்தால், அதில் பெரும்பகுதி துக்கத்தில் இருந்தவர்கள் பக்கத்தில் இருந்ததுதான்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். தமியான் இயல்பில் அமைதியான மனிதர் அல்ல. பிடிவாதக்காரர், சட்டென்று கோபப்படுபவர். அரசின் நலவாழ்வு வாரியத்தோடும் தம் மேலதிகாரிகளோடும் ஓயாமல் வாதாடியவர். மரப்பலகை வேண்டும், உணவுப் பங்கு போதாது, கம்பளி வரவில்லை என்று கேட்டுக்கேட்டு எல்லாரையும் சலிப்படைய வைத்தவர். அப்படிப்பட்டவர் துக்கத்தின் முன்னால் எப்படி நடந்துகொண்டார் என்பதுதான் நமக்கு வியப்பைத் தருகிறது.

1840ம் ஆண்டு ஜனவரி 3ம் தேதி பெல்ஜியம் நாட்டின் திரெமெலோ என்னும் சிற்றூரில் பிறந்தவர் அவர். பெற்றோர் வைத்த பெயர் யோசேப்பு. குடும்பப் பெயர் தெ வூஸ்தெர். தந்தை தானிய வியாபாரம் செய்த விவசாயி. இந்த மகன் தொழிலைக் கவனித்துக்கொள்வான் என்று எதிர்பார்த்து, பிரெஞ்சு மொழி கற்க அனுப்பி வைத்தார். ஆனால் மகனோ தம் அண்ணன் சேர்ந்திருந்த திரு இருதயங்கள் சபையில் தானும் சேர விரும்பி, 1859ல் லூவைன் நகரத் துறவு இல்லத்தில் நுழைந்தார். மருத்துவரான பழங்காலப் புனிதர் ஒருவரின் பெயரைத் தெரிந்துகொண்டு தமியான் ஆனார். அந்தப் பெயர் பின்னாளில் எவ்வளவு பொருந்திப்போகும் என்று அன்று யாருக்குத் தெரியும்!

ஹவாய்த் தீவுகளுக்கு மறைபோதகராகச் செல்ல வேண்டியவர் அண்ணன் பம்பீல்தான். பயணத்துக்கு எல்லாம் தயாரான வேளையில், நோயாளிகளைப் பார்க்கப் போன இடத்தில் அவருக்கு டைபஸ் காய்ச்சல் தொற்றிக்கொண்டது. தம்பி, இன்னும் குருவாகக்கூட ஆகாதவர், உள்ளூர்த் தலைவரைக் கேட்காமலேயே பாரிசிலிருந்த சபைத் தலைவருக்கு நேரடியாகக் கடிதம் எழுதி, அண்ணனுக்குப் பதில் தாம் போக அனுமதி வாங்கிவிட்டார். புறப்படுமுன் ஸ்கெர்பென்ஹூவெல் மாதா திருத்தலத்தில் தம் தாயிடம் விடைபெற்றார். அதன்பின் தாயும் மகனும் ஒருவரையொருவர் பார்க்கவே இல்லை.

1864ம் ஆண்டு மார்ச் 19, புனித யோசேப்பு திருநாளன்று ஹொனலுலு துறைமுகத்தில் இறங்கினார். அதே ஆண்டு மே 21ம் தேதி அங்குள்ள சமாதான அன்னை பேராலயத்தில் குருவானார். அடுத்த ஒன்பது ஆண்டுகள் பெரிய தீவான ஹவாயின் பூனா, கோஹாலா பகுதிகளில் குதிரை மீதும் கால்நடையாகவும் அலைந்து, மக்களின் மொழியைக் கற்று, தம் கையாலேயே சிற்றாலயங்களைக் கட்டினார். தச்சு வேலை அவருக்குப் பிடித்திருந்தது. கையில் சுத்தியல் இருந்தால் போதும், மனிதர் உற்சாகமாகிவிடுவார்.

இந்த ஆண்டுகளில்தான் ஹவாயில் ஒரு பெருந்துயரம் நடந்துகொண்டிருந்தது. தொழுநோய் வேகமாகப் பரவியது. ஹவாய் அப்போது தனி அரசு. 1865ல் மன்னர் ஐந்தாம் கமேஹமேஹா காலத்தில் ஒரு சட்டம் வந்தது. நோய் கண்டவர்களைப் பிடித்து, மொலோக்காய்த் தீவின் வடகரையில் உள்ள ஒரு தீபகற்பத்துக்கு அனுப்பிவிட வேண்டும். மூன்று பக்கம் கொந்தளிக்கும் கடல். நான்காவது பக்கம் 1,600 அடிக்கும் மேல் செங்குத்தாக எழும் மலைச்சுவர். 1866ம் ஆண்டு ஜனவரி 6ம் தேதி முதல் 12 பேர் அங்கே கொண்டுபோய் இறக்கப்பட்டனர். திருக்காட்சிப் பெருவிழா நாள் அது. 1969ல் அந்தத் தனிமைப்படுத்தல் முடிவுக்கு வரும்வரை அங்கே அனுப்பப்பட்டவர்கள் 8,000 பேருக்கும் அதிகம்.

அந்த 8,000 பேரில் ஒவ்வொருவருக்கும் பின்னால் ஒரு வீடு இருந்தது. மனைவியிடமிருந்து கணவன், தாயிடமிருந்து பிள்ளை. கப்பல் புறப்படும்போது ஹொனலுலு துறைமுகத்தில் எழுந்த ஒப்பாரியைப் பார்த்தவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். உயிரோடு இருப்பவருக்கே ஒப்பாரி வைக்க வேண்டிய நிலை. அன்பு மிகுதியால், நோயில்லாத உறவினர் சிலர் கூடவே போனார்கள். கணவனுக்காக மனைவி, பிள்ளைக்காகத் தாய் என்று அந்தத் தீபகற்பத்தில் தங்கள் ஆயுளைக் கழித்தார்கள். அம்மக்களின் மொழியில் கோகுவா, அதாவது துணை, என்று அவர்களுக்குப் பெயர். அவர்களில் யாரும் புனிதர் பட்டம் பெறவில்லை. ஆயினும் தமியானுக்கு முன்பே அங்கே உடனிருப்பைக் காட்டியவர்கள் அவர்கள்தாம் என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

1873ம் ஆண்டு மே 4ம் தேதி மாவுயித் தீவில் ஓர் ஆலய அர்ச்சிப்பு நடந்தது. அங்கே கூடியிருந்த குருக்களிடம் ஆயர் லூயி மேக்ரே, மொலோக்காய் மக்கள் ஒரு குருவைக் கேட்டு வருந்துவதைப் பற்றிப் பேசினார். யாரையும் கட்டாயப்படுத்த அவருக்கு மனமில்லை. நான்கு இளம் குருக்கள் முன்வந்தார்கள். முறைவைத்து மாறிமாறிப் போவதாக ஏற்பாடு. முதல் முறை தமியானுக்கு. மே 10ம் தேதி, ஆயரோடு கப்பலில் வந்து கரையிறங்கினார். அப்போது அவருக்கு வயது 33. முறை மாறவே இல்லை. அவர் திரும்பிப் போகவும் இல்லை.

அங்கே புனித பிலோமினா பெயரில் ஒரு சிற்றாலயம் முந்தைய ஆண்டே கட்டப்பட்டிருந்தது. தங்குவதற்கு அறை கிடையாது. ஆலயத்தின் பக்கத்தில் நின்ற ஒரு தாழை மரத்தடியில்தான் முதல் நாள்கள் படுத்தார். அந்த மரத்தை நினைவில் வைத்துக்கொள்வோம். மீண்டும் அங்கே வர வேண்டியிருக்கும்.

அவர் வந்தபோது 600க்கும் மேற்பட்ட நோயாளர்கள் இருந்தார்கள். வசிப்பதற்கு ஒழுங்கான வீடுகள் இல்லை, மருத்துவர் இல்லை. நோய்க்கு மருந்தும் உலகில் எங்கும் இல்லை. நோர்வே நாட்டு மருத்துவர் ஹேன்சன் இந்நோயின் கிருமியைக் கண்டறிந்தது அதே 1873ம் ஆண்டில்தான். பயனுள்ள மருந்து வர 1940கள் ஆயின. ஆகவே தமியான் சந்தித்த ஒவ்வொருவரும் சாகப்போகிறவர். அது அவருக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும்.

தொடக்கத்தில் அவர் தடுமாறினார் என்றே நாம் நினைக்கிறோம். நம்பிக்கை இழந்த மக்கள் ஒருவகைக் கிழங்கிலிருந்து சாராயம் காய்ச்சிக் குடித்துக் கூத்தடித்தார்கள். இளம் குரு கையில் தடியோடு அந்தக் கூட்டங்களுக்குள் புகுந்து கலைத்த கதைகள் உண்டு. நாற்றமும் அவரால் தாங்க முடியாததாக இருந்தது. திருப்பலியின் நடுவே வெளியே ஓடிப்போய்க் காற்று வாங்க வேண்டிய நிலை. அதைச் சமாளிக்கவே குழாயில் புகையிலை பிடிக்கக் கற்றுக்கொண்டார். உடையில் புகை நாற்றம் ஏறினால் மற்ற நாற்றம் வீட்டுக்குக் கூட வராது அல்லவா. நோயில் பூசுதல் கொடுக்கப் போனால், கையிலும் காலிலும் எண்ணெய் பூசப் புண்ணில்லாத இடம் தேட வேண்டியிருந்தது என்று தம் குடும்பத்தாருக்கு எழுதினார்.

அப்போது அவர் கையில் எடுத்தது சுத்தியலை.

தமியான் வருவதற்கு முன் அங்கே இறந்தவர்களுக்குப் பெரும்பாலும் பெட்டி கிடையாது. பழைய பாயிலோ கம்பளியிலோ சுற்றி, ஆழமில்லாத குழியில் போட்டார்கள். பன்றிகளும் நாய்களும் கிளறிவிடும். சாகக் கிடப்பவர்களின் நிலையும் அப்படித்தான். 1879ல் அங்கே அனுப்பப்பட்ட ஒரு நோயாளர், அம்புரோஸ் ஹட்சிசன் என்பவர், பின்னாளில் தம் நினைவுக் குறிப்பில் ஒரு காட்சியை எழுதினார். ஒருவர் தள்ளுவண்டியில் கந்தல் மூட்டை ஒன்றைக் கொண்டுவந்து ஒரு குடிசை வாசலில் கவிழ்த்துவிட்டுப் போனார். கிட்டே போய்ப் பார்த்தால், அந்தக் கந்தலுக்குள் உயிருள்ள மனிதர்.

நம்மில் யாருக்கும் ஒரு சாவைத் தாங்கிக்கொள்வது எளிதல்ல. அதைவிடக் கடினம், இறந்தவர் மதிப்பில்லாமல் போவதைப் பார்ப்பது. அங்கே இருந்த ஒவ்வொருவரும் அடுத்தவர் சாவில் தங்கள் சாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இந்த மக்களிடம் மோட்சத்தைப் பற்றி நீண்ட மறையுரை ஆற்றியிருக்கலாம். அவர் மறையுரையும் ஆற்றினார்தான். ஆனால் முதலில் பலகை வாங்கிப் பெட்டி செய்தார். நூற்றுக்கணக்கில் செய்தார். குழி தோண்ட ஆள் இல்லாதபோது தாமே தோண்டினார். ஆலயத்தை ஒட்டிக் கல்லறைத் தோட்டத்துக்கு வேலி அடைத்தார். பன்றி உள்ளே வராது. அதன்பின் அடக்கத்துக்கென்று ஒரு சங்கம் அமைத்து, சிலுவை முன்செல்ல, வாத்தியம் முழங்க, பாடகர் குழு பின்தொடர, இறந்தவரை ஊர்வலமாகக் கொண்டுபோக வழிசெய்தார். வாத்தியம் வாசித்தவர்கள் நோயாளர்களே. விரல்கள் உதிர்ந்துவிட்ட நிலையில், இரண்டு பேர் சேர்ந்தமர்ந்து ஒரே ஆர்மோனியத்தை வாசித்தார்கள் என்று அவருடைய வாழ்க்கை வரலாறுகளில் படிக்கிறோம்.

சாகப்போகிறவருக்குத் தனக்கு ஒரு பெட்டி உண்டு, தன் பின்னால் நடந்துவர ஆள் உண்டு என்று தெரிவது எவ்வளவு பெரிய ஆறுதல்! நம் ஊர்ப் பெரியவர்கள் தங்கள் அடக்கச் செலவுக்கென்று முடிச்சுப் போட்டு வைத்திருக்கும் பணத்தைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும்.

ஆலயத்தின் தரையில் அவர் வெட்டிய ஓட்டைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். நோய் முற்றியவர்களுக்கு வாயில் எச்சில் ஊறிக்கொண்டே இருக்கும். ஆலயத்துக்குள் துப்ப வேண்டிவருமே என்று கூசி, அவர்கள் வெளியிலேயே நின்றார்கள். தமியான் ஒன்றும் சொல்லவில்லை. இருக்கைகளுக்குப் பக்கத்தில் மரத்தரையில் சதுரமாக ஓட்டைகள் வெட்டினார். அவர்கள் உள்ளே வந்தார்கள். வெட்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் அதைப் போக்கிய இந்தச் செயலை நாங்கள் அடிக்கடி நினைப்பதுண்டு. பெரிய ஆலயங்களின் கோபுரங்களைவிட அந்த ஓட்டைகள் எங்களுக்கு அருமையாகத் தெரிகின்றன.

மக்களோடு ஒரே பாத்திரத்தில் கைவிட்டுச் சேப்பங்கிழங்குக் கூழ் சாப்பிட்டார். தம் புகைக்குழாயை அவர்களுக்குக் கொடுத்தார், அவர்களுடையதை வாங்கிப் புகைத்தார். அம்மக்களின் வழக்கத்தில் பாத்திரத்தில் கைவிட மறுப்பது அவமதிப்பு. இது விவேகமா என்று அந்நாளிலேயே பலர் கேட்டார்கள். மருத்துவக் கண்ணோட்டத்தில் கேள்வி நியாயமானதே. ஆனால் வீட்டையும் உறவையும் இழந்து வந்த ஒருவர் முன்னால் இன்னொருவர் உட்கார்ந்து ஒரே பாத்திரத்தில் சாப்பிடும்போது, அங்கே எந்த விளக்கமும் தேவைப்படவில்லை.

அவருடைய வீட்டுக்கும் ஆலயத்துக்கும் அருகிலேயே கல்லறைத் தோட்டம் இருந்தது. மாலை வேளைகளில் அந்தக் கல்லறைகளுக்கு இடையே நடந்தபடி செபமாலை சொல்வது தமக்கு மிகுந்த மகிழ்ச்சி தருவதாக அண்ணனுக்கு எழுதியிருக்கிறார். அங்கே படுத்திருந்தவர்களில் பலரின் பெட்டியை அவரே செய்தவர். அவர்கள் பிள்ளைகளின் பெயரும் தெரிந்தவர். பகலெல்லாம் சத்தம் போட்டு வேலை வாங்கும் அந்த மனிதர், மாலையில் மணிகளை உருட்டிக்கொண்டு இறந்தவர்கள் நடுவே நடக்கிறார். இந்தப் படம் நம் மனத்தில் நிற்கிறது.

1874ல் நோயாளர் குடியிருப்புக்கு வெளியே, மலைக்கு அப்பால் இருந்த மக்களுக்காக மொலோக்காயில் அவர் கட்டிய ஆலயத்துக்கு வியாகுல அன்னையின் பெயரை வைத்தார். சிலுவையடியில் நின்ற அன்னை அங்கே ஒரு வார்த்தையாவது பேசியதாக நற்செய்தி சொல்லவில்லை. நின்றார் என்று மட்டும் சொல்கிறது.

அவர் வேறொன்றையும் தொடங்கினார். நற்கருணைக்கு முன் இடைவிடாத ஆராதனை. அவருடைய சபையின் முக்கிய பக்தி முயற்சி அது. நோயாளர்கள் முறைவைத்து, ஒருவர் எழுந்தால் அடுத்தவர் என்று இரவும் பகலும் ஆண்டவர் முன் மௌனமாக இருந்தார்கள். நடக்க முடியாதவர்கள் தங்கள் முறை வரும்போது படுக்கையிலேயே செபித்தார்கள். அந்தச் சிறிய ஆலயத்தில் ஆண்டவர் எந்நேரமும் இருக்கிறார் என்பதில்லாவிட்டால் தம்மால் இந்த வாழ்வைத் தாங்க முடியாது என்று தமியான் வெளிப்படையாகவே எழுதினார்.

ஏனென்றால், எல்லாருக்கும் துணையிருந்த அவருக்குத் துணையில்லை. இதைத்தான் நாம் சற்று நின்று பார்க்க வேண்டும். முதல் ஆண்டிலேயே, அவர் அங்கிருந்து வெளியே வரக் கூடாது என்று நலவாழ்வு வாரியம் தடைபோட்டது. ஒரு குருவுக்கு ஒப்புரவு அருளடையாளம் கொடுக்க வேறொரு குரு வேண்டுமே. அவருடைய சபைத் தலைவர் கப்பலில் வந்தபோது, இறங்க அவருக்கும் அனுமதியில்லை, ஏறத் தமியானுக்கும் அனுமதியில்லை. தமியான் சிறு படகில் கப்பலை ஒட்டி நின்று, தம் பாவங்களைப் பிரெஞ்சு மொழியில் உரக்கச் சொன்னார். மேல்தளத்திலிருந்து பாவமன்னிப்பு வந்தது. அந்தத் தடை பிற்பாடு தளர்ந்தது. ஆனால் தனிமை தளரவில்லை. உதவிக்கு அனுப்பப்பட்ட குருக்களோடு அவருக்கு ஒத்துப்போகவில்லை. தவறு இரு பக்கமும் இருந்தது. உலகப் பத்திரிகைகள் அவரைப் புகழத் தொடங்கியபோது, அருகிலிருந்த மேலதிகாரிகளுக்கு அது எரிச்சலாயிற்று.

1884ம் ஆண்டின் இறுதியில் ஒரு நாள், கொதிக்கும் நீரில் காலை வைத்தும் அவருக்கு வலி தெரியவில்லை. தோல் வெந்து கொப்பளித்தபோதுதான் கவனித்தார். 1885ல் மருத்துவர்கள் உறுதிசெய்தார்கள். அதன்பின் ஒரு ஞாயிறு மறையுரையில், மக்களே என்று அழைப்பதற்குப் பதிலாக, தொழுநோயாளர்களாகிய நாம் என்று தொடங்கினார் என ஓர் அழகிய கதை எங்கும் சொல்லப்படுகிறது. உண்மை அதைவிட அழகானது. 1873லேயே, வந்த சில மாதங்களில், உடலில் ஒரு தழும்புகூட இல்லாதபோது, மறையுரையில் தாம் நாம் என்றுதான் பேசுவதாக வீட்டுக்கு எழுதிவிட்டார். நோய் பன்னிரண்டு ஆண்டு கழித்துத்தான் வந்தது.

1886ல் பெல்ஜியத்தில் அவருடைய தாய் இறந்தார். மகனின் நோயைப் பற்றிப் பத்திரிகையில் வந்த செய்தி அவரை உலுக்கிவிட்டிருந்தது. அந்தத் துயரத்தில் தமியானின் தோளைத் தொட்டு உட்கார்ந்திருக்க உடன்பிறந்தார் யாரும் பக்கத்தில் இல்லை. அதே ஆண்டில் அவர் சிகிச்சைக்காக ஹொனலுலு போனார். வர வேண்டாம் என்று மேலதிகாரிகள் சொல்லியும் போனார். பலர் ஒதுங்கிக்கொண்டார்கள். அங்கிருந்த தொழுநோய் மருத்துவமனையை நடத்திய பிரான்சிஸ்கன் அருள்சகோதரி மரியான் கோப் அவரை வரவேற்று இடம் கொடுத்தார்.

துணை வந்தது அதே ஆண்டு ஜூலை மாதத்தில். கேட்டு வாங்காத துணை. அமெரிக்காவிலிருந்து யோசேப்பு டட்டன் என்பவர் தாமாகவே வந்து இறங்கினார். உள்நாட்டுப் போரில் போரிட்டவர். மண வாழ்வு முறிந்தவர், சில ஆண்டுகள் குடியில் மூழ்கியவர், பின் மனம் திரும்பிக் கத்தோலிக்கரானவர். கெத்செமனி என்னும் டிராப்பிஸ்ட் மடத்தில் 20 மாதங்கள் மௌன வாழ்வு வாழ்ந்து பார்த்திருந்தார். சம்பளம் வேண்டாம், பட்டம் வேண்டாம், வேலை மட்டும் வேண்டும் என்றார். சத்தக்காரத் தமியானுக்கு மௌனம் பழகிய டட்டன்! புண்களைக் கழுவினார், கணக்கெழுதினார், ஆலய விரிவாக்கத்தில் கைகொடுத்தார். குருவல்லாத அவரைத் தமியான் சகோதரர் என்றே அழைத்தார். இருவருக்கும் கசப்பு வந்ததாக எங்கும் நாம் படிக்கவில்லை. தமியான் போன பிறகும் டட்டன் போகவில்லை. அங்கேயே 44 ஆண்டுகள் இருந்தார். 1930ல் கண் சிகிச்சைக்காகத்தான் ஹொனலுலு போனார். 1931ல் இறந்தார்.

1888ல் மேலும் சிலர் வந்தார்கள். பெல்ஜியக் குருவான கொன்ரார்தி மே மாதத்தில் வந்தார். அமெரிக்காவின் ஒரிகனில் மறைபணியாற்றியவர். அதற்கு முன் சிறிது காலம் நம் இந்தியாவிலும் இருந்தவர். சின்னெட் என்னும் செவிலியர் வந்தார். நவம்பரில் அருள்சகோதரி மரியான் கோப் இரு சகோதரிகளோடு வந்து, தமியான் வளர்த்துவந்த சிறுவர்களைத் தாம் பார்த்துக்கொள்வதாக வாக்களித்தார்.

1889 மார்ச் இறுதியில் தமியான் படுக்கையில் விழுந்தார். முகம் உருமாறி, குரல் கம்மி, மூச்சு விடவே போராடினார். அத்தனை பேரின் படுக்கையருகே உட்கார்ந்தவரின் படுக்கையருகே இப்போது மற்றவர்கள் உட்கார்ந்தார்கள். மக்கள் வீட்டைச் சுற்றித் தரையில் கூடியிருந்தார்கள். புனித வாரத்தின் திங்கள், ஏப்ரல் 15ம் தேதி காலையில், தம் 49ம் வயதில் கண்மூடினார். வந்த புதிதில் படுத்துறங்கிய அந்தத் தாழை மரத்தடியில், அவர் கேட்டுக்கொண்டபடியே அடக்கம் செய்தார்கள். முறைப்படி பெட்டியோடும் ஊர்வலத்தோடும் வாத்தியத்தோடும். அவர் கற்றுக்கொடுத்ததை அவர்கள் அவருக்குச் செய்தார்கள்.

கல்லறையின் கதை அத்தோடு முடியவில்லை. 1936ல் பெல்ஜிய அரசின் விருப்பப்படி அவர் உடல் தோண்டியெடுக்கப்பட்டு, கப்பலில் தாய்நாட்டுக்குக் கொண்டுபோகப்பட்டு, லூவைன் நகரில் வைக்கப்பட்டது. அரசரும் மக்களும் திரண்டு வரவேற்றார்கள். மொலோக்காய் நோயாளருக்கோ அது இரண்டாம் சாவு. வீட்டிலிருந்து ஒருவரைப் பிடுங்கிக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போவது எப்படி இருக்கும் என்று அவர்களுக்குத் தெரிந்த அளவு யாருக்குத் தெரியும்!

1995 ஜூன் 4ம் தேதி திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் பிரசல்ஸ் நகரில் தமியானை அருளாளராக உயர்த்தினார். 2009 அக்டோபர் 11ல் திருத்தந்தை 16ம் பெனடிக்ட் புனிதர் பட்டம் வழங்கினார். 2012ல் மரியான் கோப்பும் புனிதரானார். இந்த விழாக்களைப் பற்றிய செய்திகளில் எல்லாம் நம்மைத் தொட்டது வேறொரு சிறு செய்தி. அருளாளர் பட்ட விழாவுக்குப் பின், 1995ல், தமியானின் வலது கையை மட்டும் மொலோக்காய்க்குத் திருப்பிக் கொடுத்தார்கள். அங்கே அப்போதும் முதிய நோயாளர்கள் சிலர் வாழ்ந்துகொண்டிருந்தார்கள். சுத்தியல் பிடித்த அந்தக் கையை மக்கள் வரவேற்று, புனித பிலோமினா ஆலயத்தின் அருகே, வெறுமையாகக் கிடந்த அவருடைய பழைய கல்லறையில் அடக்கம் செய்தார்கள்.